எலும்புக்கூடுகளுக்கு ஒரு மேஸ்திரி

காபி எஸ்டேட்டில் மேஸ்திரி வேலை என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. பழம் பறிக்கிறவர்கள் பறிப்பார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் தூக்குவார்கள். மேஸ்திரி நின்றுகொண்டு பார்ப்பான். கேட்க சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் அவன் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், பச்சைக் காய் கூடைக்குள் விழுந்துவிடும், பழுத்த பழம் செடியிலேயே நிற்கும். அதனால் மலையில் வாழவந்திப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பல வருசமாக நான் நிற்கிறேன், பார்க்கிறேன், சம்பளம் வாங்குகிறேன்.

எங்கள் ஊட்டில் உருப்படியான போன் ஒன்றுதான். அது பேருக்கு என்னுடையது. சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவளுடையது. அதில் ஒரு கேம் வைத்திருந்தாள். எல்லாமே சதுரக் கட்டை. மலை கட்டை, மரம் கட்டை, சூரியன்கூட கட்டைதான். வெட்டி எடுத்து, அடுக்கி, என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். இருட்டினால் மட்டும் நடமாடும் பிணம், எலும்புக்கூடு, சிலந்தி என்று ஒவ்வொன்றாக முளைத்து வந்து நம்மை அடிக்கும். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? விளக்கு வைத்துத் துரத்துவான். என் மகள் அவை சௌகரியமாக வந்து முளைப்பதற்கென்றே ஒரு மாளிகை கட்டினாள். மலையில் மற்றவர்கள் மிளகு போடுகிறார்கள், ஆரஞ்சு போடுகிறார்கள். எங்கள் குடும்பம் பேய்ப் பண்ணை போட்டது.

"கடல் மேல, நொம்ப உசரத்துல கட்டணும்பா" என்றாள். "தரையில கட்டினா பக்கத்துக் குகையெல்லாம் இருட்டா இருக்கும். எல்லாம் அங்கயே மொளச்சிரும். நம்ம பக்கம் வராது."

சரிதான். பக்கத்து எஸ்டேட்டில் கூலி கூட என்று தெரிந்தால் ஆள் அங்கேதான் போகும். இது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் நானும் மேற்பார்வைக்கு இறங்கிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

மாளிகையின் அமைப்பு இதுதான். மேலே ஜன்னலே இல்லாத ஒரு பெரிய இருட்டு அறை. அதில் பிராணிகள் முளைக்கும். தரையில் வாய்க்கால் ஓடும். தண்ணீர் அவற்றை இழுத்துக்கொண்டு போய் ஒரு ஆழமான குழியில் தள்ளும். விழுந்த வேகத்தில் செத்து, எலும்பு, நூல், அம்பு எல்லாம் அடியில் இருக்கும் பெட்டிக்குள் போய்ச் சேரும். அறையைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏஞ்சாமி, காத்து வர வேண்டாமா? கூலிக்காரங்க லயத்து ஊட்டுக்குக்கூட ரெண்டு ஜன்னல் இருக்குது."

"அப்பா, அதுங்க மூச்சே விடாதுப்பா."

"நீ பாத்தியா?"

நான் கேட்டது நியாயமான கேள்வி. அவளும் ரெண்டு ஜன்னல் வைத்தாள். ஒரு கொசுகூட முளைக்கவில்லை. வெளிச்சம் துளி விழுந்தாலும் வராதாம். ஒரு வாரம் கழித்து ஜன்னலை அடைத்தாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இதற்குள் டிசம்பர் வந்துவிட்டது. என் வீட்டுக்காரி சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருக்கிறாள். கிறிஸ்மஸ் பாட்டுகளை எல்லாம் ராகத்தோடு பதிந்து போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுகூட இறங்கவில்லை. இடமில்லை, இடமில்லை என்று போன் கதறியது. எது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தாள். அந்த கேம்தான் பட்டியலில் முதலில் நின்றது.

"ஏனுங்க, இத அழிச்சிடட்டுங்களா?" என்று என்னிடம் கேட்டாள். கேட்டது என்னிடம், பார்த்தது மகளை.

மகள் ஓடி வந்து போனைப் பிடித்துக்கொண்டாள். அழித்தால் அந்த உலகமே போய்விடுமாம். திரும்ப இறக்கினாலும் அவள் கட்டினது எதுவும் வராதாம். ரெண்டு வருசமாகக் கட்டின வீடு, பாலம், பெயர் வைத்து வளர்த்த ஆடு, எல்லாம்.

"அம்மா, பண்ணை மட்டும் ஓடட்டும்மா. ஒருக்கா பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

வீட்டுக்காரி யோசித்தாள். எங்கள் ஊட்டில் ஒன்றும் தராத கோழிக்கு இடமில்லை. மூன்று வருசம் காய்க்காத கொய்யா மரத்தையே என்னைக்கொண்டு வெட்டவைத்தவள். "ஞாயித்துக்கிழம சாயங்காலம் வரைக்கும் டைம். ஒரே ஒரு எலும்பு காட்டு, விட்டர்றேன். இல்லைன்னா அழிச்சிப்போடுவேன்" என்றாள்.

சனிக்கிழமை மதியத்துக்குள் மிச்சமிருந்த வாய்க்கால், குழி எல்லாவற்றையும் மகள் கட்டி முடித்துவிட்டாள். ஒரே ஒரு சிக்கல். அந்த மாளிகை தானாக ஓடாது. கேமுக்குள் இருக்கும் நம் ஆள் சும்மாவாவது பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கணும். நொம்ப தூரம் போனால் முளைத்ததெல்லாம் மறைந்துவிடும். அதற்கென்று தள்ளி ஒரு மேடை கட்டி, மாளிகைக்குப் பாலம் போட்டு, பந்தம் வைத்து, அதில் தன் ஆளை நிறுத்தினாள். அன்று பாட்டுப் பிராக்டீஸுக்கு அம்மாவோடு அவளும் போகணும். ஊட்டில் நான் மட்டும்.

"அப்பா, போன் அணையாம பாத்துக்குங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். அப்படியே நின்னா போதும்."

"நிக்கிறதத்தான கண்ணு இத்தன வருசமா செய்யறேன்" என்றேன்.

அவர்கள் போனார்கள். வெளியே பனி இறங்கி, எதிரே இருக்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேடையில் நம் ஆள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். மாளிகை தூரத்தில் கறுப்பாகத் தெரிந்தது. உள்ளே என்ன நடக்கிறது? யார் வந்தார்கள்? யார் வராமல் ஏமாற்றுகிறார்கள்? ஒன்றும் தெரியவில்லை. தூரத்தில் நின்று வேலை வாங்குகிற மேஸ்திரியை நான் பார்த்ததில்லை. அப்படி ஒருத்தன் இருந்தால் எங்கள் மேனேஜர் அவனை அன்றைக்கே மஞ்சக்குட்டைப் பக்கம் போகிற ஜீப்பில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்.

எனவே நம் ஆளை நடத்திக்கொண்டு போய் அந்த அறையின் சுவரை ஒட்டி நிறுத்தினேன். பனி விலகி, திரும்ப மூடுகிற வரைக்கும் நிறுத்தினேன். எவ்வளவு பொறுப்பு பாருங்கள். கட்டை விரல் வலித்ததுதான் மிச்சம்.

திரும்பி வந்ததும் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறந்தாள். காலி.

"ஒண்ணுமே வரலப்பா..." என்று மறுபடியும் மூடித் திறந்து பார்த்தாள்.

"எப்படி வரும்? நானும் செவத்தோட செவுரா ஒட்டி நின்னு பாத்தேன். ஒருத்தன்கூட வேலைக்கு வரல. சோம்பேறிப் பசங்க."

"செவத்தோடயா?"

"பின்ன? கண்ணு முன்னாடி இருந்தாத்தான வேலை நடக்கும்?"

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா! நம்ம ஆளு கிட்ட இருந்தா அதுங்க மொளைக்கவே மொளைக்காதுப்பா! இருபத்தினாலு கட்டை தள்ளி நிக்கணும். அதுக்குத்தான மேடை!"

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி சிரிப்பது கேட்டது. "ஏனுங்க, மேஸ்திரி நின்னா வேலை நடக்காத எடம்னு ஒண்ணு இருக்குதுங்களா? எஸ்டேட்ல சொல்லிப் போடாதீங்க. எல்லாரும் அங்கயே போயிருவாங்க."

எந்த மடையன் எழுதின சட்டம் இது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்தது. மகள் நம் ஆளை மேடையில் நிறுத்தி, திரை அணையாதபடி செய்து, போனைச் சார்ஜில் போட்டு, அலமாரியின் மேல் தட்டில் கவிழ்த்து வைத்தாள். கேமுக்குள் நம் ஆள் தள்ளி நின்றால் போதும், ஊட்டுக்குள் நான் எங்கே இருந்தாலும் பரவாயில்லைதான். ஆனாலும் என்னை நம்பவில்லை. என் கையில் ஒரு முறம் பூண்டைக் கொடுத்து வாசலில் உட்கார வைத்தார்கள். தாயும் மகளும் ரெண்டு பக்கமும் காவல்.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது, கண்ணுகளா. பூண்டை உரித்தேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

"எங்க போறீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

"தண்ணிக்கு."

"கண்ணு, அப்பாவுக்குத் தண்ணி கொண்டு வந்து குடு."

வெயில் சாய்ந்து குளிர் ஏறிற்று. சர்ச்சில் மணி அடித்தது. மகள் எழுந்தாள். அலமாரியிலிருந்து போனை எடுத்தாள். மேடையிலிருந்து இறங்கி, பாலத்தைக் கடந்து, பெட்டியைத் திறந்தாள். போனை அப்படியே அம்மா பக்கம் திருப்பினாள்.

பெட்டி நிறைய எலும்பு. அம்பு, நூல், இன்னும் என்னென்னவோ. மேற்பார்வை இல்லாமல், திட்டு வாங்காமல், அத்தனை பேரும் ஒழுங்காக வேலைக்கு வந்து ஒழுங்காகச் செத்திருந்தார்கள்.

"இது என்ன, பழுப்பா இருக்குது?"

"அழுகின கறிம்மா."

"அத எதுக்கு எடுத்து வச்சிருக்குது? தூக்கி எறி" என்றாள் என் வீட்டுக்காரி. பிறகு எலும்பை என்ன செய்வாய் என்று கேட்டாள். பொடி பண்ணிப் பயிருக்குப் போட்டால் உடனே விளையும் என்று மகள் சொன்னதும், வீட்டுக்காரி நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. கோதுமை குபீரென்று வளர்வதை மூன்று தரம் செய்து காட்டச் சொல்லிப் பார்த்தாள். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பூண்டு உரித்தேன்.

ஆனால் பாட்டு இறங்க இன்னமும் இடமில்லை. தாயும் மகளும் போனுக்குள் தலையை விட்டு ஏதோ தேடினார்கள். பிறகு ரெண்டு பேரும் ஒன்றாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

தினமும் விடிந்ததும் மற்ற மேஸ்திரிகள் எனக்கும், நான் அவர்களுக்கும் அனுப்புகிற காலை வணக்கப் படங்கள். ரோசாப்பூ, சூரியோதயம், டீ கப். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு நிமிசத்தில் அழித்தார்கள். பாட்டு பூராவும் இறங்கிற்று.

அனுப்பப் படம் இல்லாததால் திங்கட்கிழமை காலை எஸ்டேட்டுக்குப் போய், மற்ற மேஸ்திரிகள் ஒவ்வொருத்தரிடமும் நேரில் வாயாலேயே வணக்கம் சொன்னேன். "என்ன மேஸ்திரி, உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார்கள்.