முடிச்சு அவிழ்க்கப் போன டோலி

துடைப்பப் புல்லுக்கு இரக்கம் கிடையாது. பூத்து நிற்கும்போது அறுத்தால் துடைப்பம். கொஞ்சம் அசந்தால் பூவெல்லாம் பறந்து வெறும் குச்சி.

வடக்கனந்தல் பக்கத்து ரங்கம்மாளுக்கு அந்தப் புல்தான் வருஷத்து அரிசி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு குழி நிலம்கூட இல்லை. கல்வராயன் மலைச்சரிவு இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாததால் அது அவளுக்கும் சொந்தம். மாசியில் பெண்கள் சரிவேறி, ஆளுக்கொரு திட்டைப் பிடித்து, நிற்கிற புல்லையே சேர்த்து முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு விழுந்த இடத்தில் வேறு கை படாது. போட்ட கைதான் அவிழ்க்க வேண்டும். பட்டா, பத்திரம் எல்லாம் அவ்வளவுதான்.

மினி பஸ் ஓட ஆரம்பித்த வருஷம், முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கும்போது பாறை வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. கால் வலியைவிடப் புல் கவலைதான் அவளை அரித்தது. எப்படியும் பெண்கள் அறுத்து வைத்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். சரிவு முழுக்க மொட்டையடித்துக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு திட்டு மட்டும் வெளுத்து ஆடிக்கொண்டிருந்தது. அடப்பாவிகளா, அவளுடையது!

"ஏண்டி செவ்வந்தி, கண்ணு அவிஞ்சா பூட்ச்சி? என்னுதுல நாலு கை அறுக்கக் கூடாதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி மேல் பாய்ந்தாள்.

"முடிச்சி இருக்குதேக்கா! நாங்க எப்டி கை வெக்கிறது?"

"இந்தக் காலோட நான் மலையேறுவேனா? ஒரு காத்து அடிச்சா எல்லாம் போச்சி. வருசம் பூரா இன்னாத்தடி துன்றது?"

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். நேர்மைக்கும் ஒரு அளவு வேண்டாமா? என்ன ஜென்மங்களோ!

மறுநாள் விடிந்ததும் வாசலில் நான்கு பெண்கள், மூங்கிலில் பழைய புடவை கட்டிய டோலியோடு. முன்கொம்பைத் தோளில் வைத்திருந்தவள் குஞ்சம்மாள். ஒரு கோழிச் சண்டைக்குப் பிறகு ரங்கம்மாளோடு பேச்சை அறுத்துக்கொண்டவள். இப்போதும் பேசவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"சீக்காளிய டோலில கீழ எறக்கித்தான் பாத்துருக்குறோம். மேல ஏத்தறது இதான் மொத தபா" என்று செவ்வந்தி சிரித்தாள்.

ரங்கம்மாள் எத்தனையோ வருஷம் ஏறிய மலை. சுமையும் காலடியும் தவிர எதைப் பார்த்தாள்? இப்போதுதான் கடுக்காய் மரங்களையும், கீழே ஏரியும் கரும்பும் சின்னதாகிக்கொண்டே போவதையும் ஆசை தீரப் பார்த்தாள். இவ்வளவு அழகா இது! முன்னால் குஞ்சம்மாளின் தோளில் மூங்கில் பதிந்து தடித்திருந்தது.

மேலே போய் இறக்கினார்கள். ரங்கம்மாள் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் முடிச்சை அவிழ்த்தாள். அவ்வளவுதான், அரிவாள்கள் இறங்கின. பாதி பறந்திருந்தாலும் மீதி தேறியது. கட்டுக் கட்டாக அவள் மடியிலேயே கொண்டுவந்து சாய்த்தார்கள். தனக்கென்று யாரும் ஒரு குச்சிகூட எடுக்கவில்லை. ரங்கம்மாள் புல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

குஞ்சம்மாள் அரிவாளை நிறுத்தித் திரும்பினாள்.

"ஏய், அழுவறத வூட்ல வெச்சிக்கடி. புல்லு நனையுது பாரு."