இருதயம்மாளின் இடது கை

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீதியில் ஒரு காருக்குப் பின்னால் நின்றே நான் பாதி வருடத்தைக் கழித்திருக்கிறேன். எதிர் வீட்டு தேவதாஸ் தன்னுடைய பழைய ஃபியட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார். "எரியுதுங்களா சென்னியப்பண்ணா?" என்பார். "இல்லீங்க" என்பேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேலை இல்லை என்று எவன் சொன்னான்?

ஆனால் நான் சொல்ல வந்தது தேவதாஸைப் பற்றி அல்ல. அவர் மனைவி இருதயம்மாளைப் பற்றி. அந்த அம்மாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்புத்தான். மலைப்பை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது.

அன்னூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்த குடும்பம். பத்தாவது முடித்த கையோடு இங்கே ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இப்போது அந்தக் கடையில் அவர் வைத்ததுதான் சட்டம். மோட்டாருக்குள் சுற்றும் செம்புக் கம்பி பார்க்கத்தான் வெறும் கம்பி. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒன்று உண்டு. இரண்டு கம்பியைச் சேர்ப்பதற்கு முன்னால் அந்தப் பூச்சைப் பிளேடால் சுரண்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் தாண்டாது. இருதயம்மாள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே சுற்றுவார். வலது கை சக்கரத்தைச் சுழற்றும், இடது கை விரல்களுக்கு நடுவே கம்பி ஓடும். எங்கேயாவது பூச்சு உரிந்திருந்தால் விரலே சொல்லிவிடும் என்பார்.

தேவதாஸ் பம்பு ஃபிட்டர். அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி தண்ணீர். பம்பில் ஒரு சொட்டு ஒழுகினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் ஃபியட்டுக்குப் புது நீலப் பெயிண்ட் அடித்தபோது, மழைத் தண்ணீர் இறங்கிவிடக் கூடாதென்று பின் விளக்குகளைக் கழற்றி, அவற்றின் தகட்டுக்கு அடியில் ரப்பர் கேஸ்கெட் வெட்டி வைத்தார். ஸ்க்ரூவைச் சுற்றிக்கூட ரப்பர் புஷ். வீதியே வந்து பார்த்துப் பாராட்டியது. நானும்தான் பாராட்டினேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் பம்புக்காரர்கள், கேஸ்கெட்டைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

அதற்குப் பிறகுதான் பின்பக்கம் சரியாக எரியவே இல்லை. பிரேக் லைட் ஒருநாள் மங்கும், ஒருநாள் சுத்தமாக இருக்காது. இண்டிகேட்டர் போட்டால் சிமிட்டாமல் அப்படியே நிற்கும். அதனால் இருதயம்மாள்தான் இண்டிகேட்டர் ஆனார். இடது பக்கம் திரும்ப வேண்டுமானால், பக்கத்து சீட்டிலிருந்து இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒருநாள் அப்படி நீட்டியபோது, இடது பக்கமாகப் புகுந்த வேன் ஒன்று கையை அடித்துவிட்டுப் போய்விட்டது.

மணிக்கட்டு முறிந்தது. விரல்கள் தப்பியது கர்த்தர் கிருபை என்றார்கள். கட்டுப் பிரித்த பிறகும் ரொம்ப நாள் கம்பி அந்தக் கையில் நிற்கவில்லை. அந்தம்மாள் அழுது அப்போதுதான் பார்த்தேன். அழுது முடித்துவிட்டுப் புருஷனிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "இனி வெளக்குத்தான் பேசோணுமுங்க. என்ற கை பேசாது. அதுவரைக்கும் நான் இந்த வண்டில ஏற மாட்டேன்."

சொன்னபடியே ஏறவில்லை. கோயிலுக்கு பஸ், சந்தைக்கு பஸ்.

இதற்கிடையில் மகள் லின்சிக்குக் கல்யாணம் முடிவானது. சின்ன வயதிலிருந்து அந்த ஃபியட்டில்தான் கோயிலுக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண். "அம்மா ஏறுனாத்தான் நானும் ஏறுவேன்" என்று அவளும் சேர்ந்துகொண்டாள். தாய் பஸ்ஸில், மகள் வாடகைக் காரில், அப்பன் மட்டும் தனியாக நீலக் காரில் கல்யாணத்துக்குப் போவதை நினைத்து தேவதாஸ் தூக்கம் கெட்டார். உக்கடத்தில் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கும் இல்யாஸிடம் பல்பு மாற்றினார், சிமிட்டவைக்கும் ஃப்ளாஷரை மாற்றினார், சுவிட்ச் மாற்றினார். "வண்டியக் கொண்டு வாங்கண்ணா, ஒருக்கா பாத்துரலாம்" என்று இல்யாஸ் கெஞ்சினார். தன் காரில் அடுத்தவன் கை படுவதா? அப்படி ஒரு வீம்பு இந்த மனுஷனுக்கு. நானோ பின்னாலேயே நின்றேன்.

ஒரு சாயங்காலம் வழக்கம்போல அவர் மிதிக்க, நான் "இல்லீங்க" சொல்ல, வாசற்படியில் உட்கார்ந்திருந்த இருதயம்மாள் எழுந்து நின்றார். கார் வீட்டைப் பார்த்து ஷெட்டுக்குள் நின்றது. அதன் முகம் அவருக்கு நேரே இருந்தது.

"ஏனுங்க, பின்னாடிக்கு மிதிச்சா முன்னாடி ஏனுங்க மினுங்குது?"

"முன்னாடி எப்படி அம்மணி மினுங்கும்? வெளிச்சம் பட்டிருக்கும்."

"இன்னொருக்கா மிதிங்க."

நான் முன்பக்கம் ஓடினேன். முன் இண்டிகேட்டர் இரண்டும், சாம்பல் மூடிய கங்கு மாதிரி, தெரிந்தும் தெரியாமலும் சிவந்தன. காலை எடுத்ததும் அணைந்தன. அத்தனை நாளும் நாங்கள் எல்லோரும் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முன்னால் நின்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இருதயம்மாள் அந்த மினுக்கத்தையே பார்த்தார். "பாவம், போக வழியில்லாம இவ்வளவு தூரம் சுத்திட்டு வந்திருக்குது" என்றார். பிறகு புருஷனிடம், "பின்னாடி வெளக்குக்குக் கரண்டு ஒயர்ல வருது, சரி. பேட்டரிக்குத் திரும்பிப் போறது எது வழியாங்க?"

"பாடி வழியாத்தான். வெளக்குத் தகடு பாடியத் தொட்டுட்டு..."

தேவதாஸ் அதை முடிக்கவில்லை. தகட்டுக்கும் பாடிக்கும் நடுவில் இருந்தது அவரே வெட்டி வைத்த கேஸ்கெட். அதற்கும் கீழே புதுப் பெயிண்ட். தண்ணீருக்குக் கதவடைத்த மனுஷன் கரண்டுக்கும் சேர்த்து அடைத்துவிட்டார்.

இருதயம்மாள் உள்ளே போய் ஒரு முழம் செம்புக் கம்பியோடு வந்தார். இரண்டு முனையையும் பிளேடால் சுரண்டினார். முறிந்து கூடிய அந்த இடது கையால் ஒரு முனையை விளக்குத் தகட்டில் வைத்து அழுத்தினார். மறு முனையை, டிக்கிக்குள் பெயிண்ட் படாத ஒரு போல்ட்டில் வைத்தார்.

"மிதிங்க."

பின்பக்கம் செக்கச் செவேலென்று எரிந்தது. மறுபடி பின்னால் வந்து நின்றிருந்த என் வெள்ளைச் சட்டை சிவப்பாகிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன், விளக்கையா அந்த அம்மாளையா என்று எனக்கே தெரியாது. பின்னால் திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், மற்ற பல்புகளுக்குள் நுழைந்து நுழைந்து, களைத்துப்போய், கேஸ்கெட் இல்லாத முன் விளக்கைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. அத்தனை நாளும் அது முன்னால் வந்து சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்டது ஒருத்தர்தான்.

தேவதாஸ் இறங்கி வந்தார். மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நானே பண்ணிப்போட்டேன் இருதயம்" என்றார். கேஸ்கெட்டைப் பிடுங்கி எறிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"அது இருக்கட்டுங்க, நல்லாத்தான் வெட்டியிருக்கறீங்க" என்று இருதயம்மாள் தடுத்தார். "தண்ணிய நீங்க பாருங்க, கரண்ட நான் பாத்துக்கறேன்." இரண்டு விளக்குக்கும் தனித்தனிக் கம்பி இழுத்து, பெயிண்டைச் சுரண்டி, போல்ட்டில் முடுக்கிக் கொடுத்தார்.

கல்யாணக் காலையில் பூ கட்டிய கார் வாசலில் நின்றது. லின்சி பின் சீட்டில் ஏறாமல் அம்மாவைப் பார்த்தாள். பட்டுப்புடவையோடு இருதயம்மாள் நேரே காருக்குப் பின்னால் போய் நின்று "மிதிங்க" என்றார். எரிந்தது. முன்னால் வந்து "மிதிங்க" என்றார். முன் விளக்கில் ஒரு மினுக்கமும் இல்லை. அப்புறம்தான் கதவைத் திறந்தார். நான் லின்சிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

வீதி முனையில் மெயின் ரோட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். தேவதாஸ் இண்டிகேட்டரைப் போட்டார். பழக்கத்தில் இருதயம்மாளின் இடது கை மடியிலிருந்து கிளம்பி ஜன்னல் விளிம்பு வரைக்கும் போய்விட்டது. டிக், டிக் என்று சத்தம் கேட்டது. கை அங்கேயே நின்று அதைக் கேட்டது. பிறகு மெல்லத் திரும்பி மடியில் வந்து உட்கார்ந்தது.

தேவதாஸ் அதைப் பார்த்துவிட்டார். கார் திரும்பி முடித்து வெகுதூரம் போன பிறகும் அவர் இண்டிகேட்டரை அணைக்கவில்லை. எங்களில் ஒருத்தரும் அணைக்கச் சொல்லவும் இல்லை.