பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்த பிலோமினா

சனிக்கிழமை காலை கிள்ளான் மீன் பாசாரில் நண்டு வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலக வரவேற்பு மேசைப் பெண் திவ்யா கைப்பேசியில் அழைத்தாள். "அங்கிள், பிலோமினா அக்கா போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." கையிலிருந்த பை விழுந்தது. நாற்பது நண்டுகள் பாசார் முழுக்க ஓடின. ஒன்றைக்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிலோமினா எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் அலுவலக நிர்வாகி. நான் ஓட்டுநர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடை மாடியில் பன்னிரண்டு பேராகத் தொடங்கினோம். தொடங்கியது முதலாளிதான், யோசனை பெரும்பாலும் காரில் நான் சொன்னது. இப்போது ஐந்து மாடி. வாரம் தவறாமல் புது முகம். கூடவே வேலை போய்விடும் என்ற எங்கள் பயமும் வளர்ந்தது. திங்கட்கிழமை எந்த மேசை காலி என்று பார்த்துக்கொண்டேதான் உள்ளே போவோம். "லிப்டில சிரிக்காதவங்கள விடுங்க அங்கிள், ரொம்பச் சிரிக்கிறவங்களப் பார்த்தாத்தான் எனக்குப் பயம்" என்பார் பிலோமினா.

எல்லாச் செய்தியும் கைப்பேசிக் குழுவில்தான் வரும், ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அதனால் எது வந்தாலும் கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவேன். பிறந்தநாளா, கட்டைவிரல். கழிவறை பழுதா, கட்டைவிரல். போன ஆண்டு ஒரு நாள் நீளமான செய்தி வந்தது. முதல் ஆளாகத் தட்டினேன்.

பத்தே நிமிடத்தில் பிலோமினா கார் நிறுத்துமிடத்துக்கு ஓடி வந்தார்.

"என்ன காரியம் பண்ணீங்க அங்கிள்? தானா வேலைய விட்டுப் போறவங்க கட்டைவிரல் போடுங்கன்னு இருக்கு லா! அஞ்சு மணிக்குப் பட்டியல் மேல போயிடும்."

"தெரிஞ்சுதாம்மா போட்டேன்."

"அப்படியா? சரி, வரேன்."

அவர் திரும்பி நடந்தார். என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அது நிறுவனத்தின் மருத்துவ அட்டையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஐம்பத்தேழு வயதில் வேறு யார் என்னை எடுப்பார்கள்?

"நில்லும்மா. ஒரு வரிகூட எனக்குப் புரியல."

பிலோமினா என் கைப்பேசியை வாங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மனிதவள மேலாளரிடம் போனார். "முதல் பேரே இவருதான். போறதுக்கு எவ்வளவு ஆசையா இருக்காரு!" என்றார் மேலாளர்.

பிலோமினா பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். "இங்க பாருங்க பாஸ். எங்கம்மா செத்ததுக்கும் இவரு கட்டைவிரல்தான் போட்டிருக்காரு. அதுக்கும் ஆசைப்பட்டாரா?"

மேலாளர் சிரித்துவிட்டார். ஆனாலும் மேலிடத்தைக் கேட்கவேண்டும் என்றார். வெளியே காத்திருந்தேன். இருபது கிளாஸ் தேநீர் குடித்திருப்பேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தபோது என் பெயரை எடுத்தார்கள்.

"படிக்கத் தெரியலன்னு யாரும் உங்கள அனுப்பமாட்டாங்க அங்கிள்" என்றார் பிலோமினா. "தெரியும்னு சொல்லிச் சொல்லி நீங்களே கிளம்பிடாதீங்க."

அவரை அடக்கம் செய்து மூன்றாம் நாள், அதாவது நேற்று, குழுவில் மறுபடி நீளமாக ஒன்று வந்தது. ஐந்து மாடியிலும் எல்லோரும் கைப்பேசிக்குள் குனிந்தார்கள். நான் திவ்யாவின் மேசைக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள் நாலு பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே கேட்டேன்: "இதப் படிச்சுச் சொல்லும்மா."

பிலோமினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இப்படிக் கேட்கிற தைரியம்தான். திவ்யா வாசிக்கத் தொடங்கினாள். பட்டம் வாங்கிய அந்த நாலு பேரும் தாங்களும் கேட்க எங்களை ஒட்டி வந்து நின்றார்கள்.