சோளம் காயும் ரோட்டில் முட்டை வண்டி

முட்டை ஏற்றிப் போகிறவனுக்கு ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு பள்ளமும் சொந்தக்காரன் மாதிரி; பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட முடியாது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து சேலத்துக்கு முட்டை கொண்டுபோவது என் பிழைப்பு. என் ஒற்றை வண்டிக்குச் சோறு போடுவது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் ஜமால் பாயின் மொத்தக்கடை மட்டும்தான். எனக்கோ நிதானம் கூடப் பிறந்தது. கனாக் கண்டுகொண்டே ஓட்டுகிறவன் என்று பேர். முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்டே பாதி ஆயுசைக் கழித்தவர்களே, நீங்களாவது என் பக்கம் பேசுங்கள்.

முதல் தூறல்

கோடை முடிந்து முதல் தூறல். புழுதி நனைந்த வாசனை கேபினுக்குள் நிறைந்தது. வைப்பர் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்தது. ஆனால் முதல் தூறலில்தான் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து சோப்பு போட்டதுபோல் வழுக்கும். வேகத்தைக் குறைத்தேன். "இந்த வேகத்துல போனா, கடை போறதுக்குள்ள குஞ்சு பொரிச்சிருமுங்கண்ணா" என்று சலித்துக்கொண்டான் லோடு ஏற்றும் பழனிச்சாமி.

எங்களைச் சீறிக்கொண்டு தாண்டிய பைக் ஒன்று அடுத்த வளைவில் படுத்துக் கிடந்தது. ஓட்டியவர் முழங்கையில் ரத்தத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். துணி கிழித்துக் கட்டிவிட்டு வந்து ஏறிய பழனிச்சாமி சொன்னான்: "மெதுவாவே போங்கண்ணா. குஞ்சு பொரிச்சாப் பொரிச்சுட்டுப் போகுது."

பனிக்குள்ளே

மார்கழிக் காலையில் சேந்தமங்கலத்திலிருந்து கிளம்பினால் கொல்லிமலையே காணாமல் போயிருக்கும். புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து முகம் காட்டிவிட்டுப் பனிக்குள் திரும்பிப் போகும். உலகத்தில் நானும் முட்டைகளும் மட்டும் இருப்பதுபோல ஓர் அமைதி. அந்த நேரம் எனக்கு உயிர்.

ஆனால் நின்றுகொண்டிருக்கும் டிராக்டர்கூட மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரியும். அதனால் ஒரு நாள் டீக்கடை ஓரமாக நிறுத்தி, ரோடு கண்ணுக்குத் தெரிந்த பிறகே எடுத்தேன். கடைக்குப் போனபோது காத்திருந்த வியாபாரிகளில் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். ஜமால் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "இங்க வெயில் கொளுத்துது, நீ பனிங்கற. ஒரு நாள் நானே வந்து பாக்கறேன். அன்னைக்கும் லேட்டாச்சுன்னா வேற வண்டி பாத்துக்கறேம்ப்பா."

சோளத்தின் மேல்

தை மாதம் ஜமால் பாய் வந்தேவிட்டார். என் நேரம், அன்றைக்குப் பார்த்துப் பனியே இல்லை. "மிதிப்பா, ரோடு காலியா கெடக்குது" என்று வழிநெடுக நச்சரித்தார். பிழைப்பு கைநழுவுவது தெரிந்தது, பயமாகத்தான் இருந்தது. ஆனால் அறுப்பு நேரத்தில் எங்கள் பக்கம் சோளக் கருதைத் தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரும். அதன்மேல் பிரேக் அடித்தால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. வளைவுக்கு முன்பே வண்டியை மெல்ல உருட்டினேன். ஒரு கார் எங்களைத் தாண்டிப் பறந்தது. "பாரு, அது வண்டி!" என்றார் பாய்.

வளைவு திரும்பினால், அந்தக் கார் சோளத்தின் மேல் பாதி சுற்றிக் குறுக்கே நிற்கிறது. பம்பருக்கு ஒரு முழம் தள்ளி, கருதைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் அசையாமல் நிற்கிறார். உதிர்ந்த மணிகள் வெயிலில் பொன்னாய் உருண்டுகொண்டிருந்தன. காரிலிருந்து இறங்கியவர், "ரோட்டுல எதுக்கும்மா இதைப் போட்டீங்க?" என்று கத்தினார். அந்த அம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சோளத்து மேல ஏறட்டும்னுதானுங்க போட்டோம். எம்மேல ஏறச் சொன்னனுங்களா?"

அன்றைக்கும் கடைக்கு லேட்டாகத்தான் போய்ச் சேர்ந்தோம். ஏன் லேட் என்று கேட்க வேண்டியவர்தான் பக்கத்து சீட்டில் கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல், "மெதுவாப்பா, மெதுவா" என்று சேலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.