வரப்போகிற நாலு கடுதாசி

சுருவில் விநாயகமூர்த்தி தமது ஐம்பத்திரண்டு வயதுக்குள் ஒரு பிழையும் விட்டவர் அல்லர். இந்தத் தகவலைத் தந்தவர் அவரேதான்.

தெற்கே தங்காலையில் கடை வைத்திருந்த காலத்தில், மழை கொட்டப்போகிறது என்று முன்னூறு குடை வாங்கி அடுக்கினார். அந்த வருஷம் தங்காலையில் மழை பெய்யவில்லை. அது மழை விட்ட பிழை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்து, மழை வராது என்ற நம்பிக்கையில் பள்ளக் காணியில் புகையிலை நட்டார். அந்த வருஷம் பார்த்து வெள்ளம் நின்றது. அதுவும் மழை விட்ட பிழைதான். விற்காத குடைகள் அலுமாரிக்கு மேல் பல வருஷம் கிடந்தன. அவர் படலையைத் தாண்டி நனைந்துகொண்டு போகிற உரிமை சுருவிலில் ஒருவருக்கும் இருக்கவில்லை. கூப்பிட்டுக் கையில் ஒரு குடையைத் திணித்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதர் முன்னூற்றிநாலு என்கிற சீட்டாட்டம், ஊர்ப்பேச்சில் கடுதாசி, விளையாடினால் எப்படி விளையாடுவார் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனாலும் அந்த ஆட்டம் தெரியாத அப்பாவிகளும் இதை வாசிக்கக் கூடும் என்பதால் இரண்டு வரி. நாலு பேர், எதிரெதிரே இருக்கிற இருவர் ஒரு சோடி. முதலில் ஆளுக்கு நாலு கடுதாசிதான் போடுவார்கள். அந்த நாலைப் பார்த்து, “நூற்றறுபது எடுப்பன்”, “நூற்றெண்பது எடுப்பன்” என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் மற்ற நாலும் கைக்கு வரும். கேட்ட புள்ளியை எடுக்காவிட்டால் தோல்வி. கையில் ஒன்றும் இல்லாதவர் “பாஸ்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். நாலுபேரும் பாஸ் என்றால் கடுதாசியைக் கலைத்துவிட்டு மறுபடி போடுவார்கள்.

விநாயகமூர்த்தி பிறந்த நாள் தொட்டு பாஸ் என்று சொன்னதில்லை. கடுதாசிகளில் பெரியது ஜாக். ஒரே ஒரு ஜாக்கைக் கண்டால் நூற்றெண்பது கேட்பார். ஜாக்கே இல்லாவிட்டால், அப்போது அது பின்னால் வரத்தான் வேண்டும் என்று இருநூறு கேட்பார்.

“கையிலை கிடக்கிறதைப் பாத்துக் கேக்கிறவன் கணக்கப்பிள்ளை. வரப்போறதைப் பாத்துக் கேக்கிறவன்தான் விளையாட்டுக்காரன்” என்பது அவருடைய சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தம் பதினாலு வருஷம் தட்டுத்தடுமாறி ஓடியது. சனசமூக நிலையத்து வாகை மரத்தின் கீழ், ஞாயிற்றுக்கிழமை தோறும், எதிரே மனைவியின் தமையன் தம்பிராசா மாஸ்ரர் இருக்க, வென்றும் தோற்றும் காலம் போனது. சித்திரை வருஷப்பிறப்புக்கு மறுநாள் அனலைதீவுக்காரரோடு நடக்கிற ஆட்டத்தில் சுருவிலுக்காக இருப்பதும் இந்தச் சோடிதான். அந்தக் கதிரை விநாயகமூர்த்திக்குக் கோயில் திருவிழா உபயத்துக்குச் சமம். பரம்பரை உரிமை என்றே நினைத்திருந்தார்.

அறுபத்தாறாம் ஆண்டு தை மாதம் அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை எடுத்து, பிறை பார்த்து வாரம் ஒரு முறை வருகிற போயா நாளுக்குக் கொடுத்தது. மாஸ்ரருக்குப் பள்ளிக்கூடம் போயாவில்தான் லீவு. ஆகவே கடுதாசியும் போயாவுக்கு மாறியது. அன்று தொடங்கிய தோல்விதான்; தை போய், மாசி போய், பங்குனி பிறந்தும் நிற்கவில்லை. பதினொரு போயா. பதினொன்றிலும் தோல்வி.

நிலையத்துச் சட்டப்படி தோற்ற சோடி தேத்தண்ணி ஊற்ற வேண்டும். தம்பிராசா மாஸ்ரர் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை செய்வார், ஊற்றுகிறவர் விநாயகமூர்த்தி. பதினொரு வாரப் பயிற்சியில் அவருடைய தேத்தண்ணி ஒரு தரத்துக்கு வந்துவிட்டது. கூப்பன் கடை மனேச்சர் இளையதம்பி இரண்டாவது கோப்பை கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

“அண்ணை, உங்கட கடுதாசி வரவர மோசம். ஆனால் தேத்தண்ணி, சும்மா சொல்லப்படாது” என்றார் இளையதம்பி.

தோற்பதை ஒருவன் பொறுக்கலாம். தோற்பதற்கு விளக்கம் சொல்லுகிறவர்களை எப்படிப் பொறுப்பது? காரணம் வெள்ளைக்கடுதாசி போல வெளித்துக் கிடக்கிறது. விநாயகமூர்த்தி பிறந்தது ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு ஓடுகிற நாள் ஞாயிறு.

“பஞ்சாங்கத்தைக் கொழும்பிலை இருந்து மாத்தினால் இஞ்ச ஜாக் என்னெண்டு வரும்?” என்று மச்சானிடம் கேட்டார்.

“எங்களை எதிர்த்து விளையாடுறவங்களுக்கும் போயாதானே மச்சான்? அவங்களுக்கு வருகுதே.”

“அவங்கள் ஞாயிற்றுக்கிழமை பிறக்கேல்லை.”

மாஸ்ரர் பள்ளிக்கூடத்தில் மக்குப் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தார்.

விநாயகமூர்த்தி முயற்சிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கதிரையைக் கிழக்கே திருப்பினார். புதுக் கடுதாசிக் கட்டு வாங்கினார். நயினாதீவு அம்மனுக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தார். பிறகு, அம்மனும் கடுதாசி விஷயத்தில் தலையிட யோசிப்பா என்று தோன்ற, ஐம்பத்துநாலாகக் குறைத்தார். கேட்கிறதை மாத்திரம் குறைக்கவில்லை.

பதினோராம் போயா முடிந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நிற்கையில் மாஸ்ரர் மெல்ல வந்தார்.

“மச்சான், குறை நினையாதையும். இந்த வருஷம் அனலைதீவுக்கு இளையதம்பியைக் கூட்டிக்கொண்டு போவமெண்டு யோசிக்கிறன்.”

“ஏன், நான் செத்துப்போனனே?”

“உமக்கு விளையாட்டுப் பிழைக்குது.”

“காலம் பிழைக்குதெண்டு சொல்லும்.”

“விளையாட்டு.”

“காலம்.”

கழுவின கோப்பையை அவர் இன்னொரு தரம் கழுவினார்.

வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. குசினி வாசலில் நின்று, பதினொரு போயாவிலும் வராத கடுதாசிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி முறைப்பட்டார். மனைவி சத்தியபாமா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். பதினொரு வாரமாக இதே முறைப்பாட்டைக் கேட்டவர். அகப்பையைக் கீழே வைத்தார்.

“இஞ்சருங்கோ. அண்ணை விளையாட்டெண்டுறார், நீங்கள் காலமெண்டுறியள். நடுவிலை கிடந்து என்ர காது செவிடாகுது. விளையாட்டுத் தெரிஞ்ச ஒருத்தரைப் பின்னாலை நிப்பாட்டுங்கோ. ரெண்டு சிரட்டையை வைச்சு, விதியாலை தோத்தால் ஒண்டுக்கை புளியங்கொட்டை போடட்டும், மதியாலை தோத்தால் மற்றதுக்கை போடட்டும். கடைசியிலை எண்ணிப் பாத்தால் தெரியுது.”

“ஆர் அப்பிடி நேர்மையான ஆள்?”

“விளையாட ஏலாத ஆள்.”

அப்படி ஒருவர் இருந்தார். தபால்காரர் சவிரிமுத்து. அல்லைப்பிட்டிக்காரர், அந்தக் கரையில் அவரை வெல்ல ஆளில்லை. ஆனால் அது கிறிஸ்தவர் நோன்பிருக்கிற தபசுகாலம். உயிர்த்த ஞாயிறு வரை கடுதாசி தொடுவதில்லை என்று நேர்ந்திருந்தார். கை துறுதுறுக்க, தபாற்பையைத் தட்டிக்கொண்டு திரிந்தவருக்கு இந்த அழைப்பு தேவகிருபை போல வந்தது.

“தொடப்படாதெண்டுதான் நேந்தனான். பாக்கப்படாதெண்டு நேரேல்லை” என்றார்.

பன்னிரண்டாம் போயா. வாகை மரத்தின் கீழ் வழக்கமில்லாத கூட்டம். ஒரு பக்கம் விநாயகமூர்த்தியும் மாஸ்ரரும்; மறுபக்கம் இளையதம்பியும் அவருடைய சோடியும். ஓரமாக ஒரு வாங்குப் பலகையில், பனையோலைப் பெட்டியால் மூடிய இரண்டு சிரட்டை. தீர்ப்பின் விதியைச் சவிரிமுத்து முன்கூட்டியே சொன்னார்:

“இவர் கேட்ட நாலு கடுதாசிக்கு நானும் கேட்டிருப்பனெண்டால், தோத்தது விதி. நான் கேட்டிருக்கமாட்டனெண்டால் மதி. ஆட்டம் முடியுமட்டும் ஒருத்தரும் பெட்டியைத் திறக்கிறேல்லை.”

ஆட்டம் தொடங்கியது. விநாயகமூர்த்தி முதல் கையிலேயே ஒரு ஜாக்கோடு நூற்றெண்பது கேட்டார். பின்னால் வந்தவை ஏழும் எட்டும். ஏழுக்கும் எட்டுக்கும் அந்த ஆட்டத்தில் பெறுமதி கிடையாது. முதுகுக்குப் பின்னால் சவிரிமுத்து மூச்சு விட்டார். பெட்டி கிளம்பியது, “டொக்” என்று ஒரு கொட்டை விழுந்தது. எந்தச் சிரட்டை? திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சட்டம். பிடரியால் பார்க்க முயன்றதில் அடுத்த கையையும் தோற்றார்.

நடுநடுவே சவிரிமுத்து மேசையைச் சுற்றி வந்தார். சில வேளை “டொக்” கேட்டது. சில வேளை கேட்கவே இல்லை. கேட்காதபோது விநாயகமூர்த்திக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தோற்றிருக்கிறோம், ஒரு கொட்டைக்குக்கூட வழியில்லையா?

பொழுது சாய, பன்னிரண்டு கை தோற்றிருந்தார்கள். பெட்டி திறக்கப்பட்டது.

“விதிச் சிரட்டையிலை மூண்டு” என்றார் சவிரிமுத்து. “மதிச் சிரட்டையிலை அஞ்சு.”

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கேட்டீரே மச்சான்? அஞ்சு.”

விநாயகமூர்த்திக்கு முகம் கறுத்துப்போனது. ஐந்தையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார், ஐந்துதான். மழை விட்ட பிழை என்று சொல்ல அங்கே மழையும் இல்லை. கதிரை போய்விட்டது. ஆனால் கடையில் இருபது வருஷம் நின்றவர் அல்லவா? கணக்கு இடித்தது.

“மூண்டும் அஞ்சும் எட்டு. தோத்தது பன்னிரண்டு. மிச்சம் நாலு எங்க?”

சவிரிமுத்து தயங்கினார். பிறகு சேட்டுப் பொக்கற்றுக்குள் கையை விட்டு நாலு புளியங்கொட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

“உதுகளை எந்தச் சிரட்டையிலை போடுறதெண்டு நீங்கள் எனக்குச் சொல்லேல்லை. இந்த நாலிலையும் இவர் சரியாத்தான் விளையாடினவர், கடுதாசியும் வந்தது. மாஸ்ரர்தான் கெடுத்தவர். ரெண்டு தரம் இவர் போட்ட ஜாக்கைத் துரும்பாலை வெட்டினவர். சோடியின்ர ஜாக்கை.”

துருப்புச்சீட்டால் சொந்தச் சோடியையே வெட்டுவது: முன்னூற்றிநாலில் அதற்கு மேல் ஒரு பாவம் இல்லை. கூட்டத்தில் ஒருவர் இருமினார்.

“அது எனக்குக் கடுதாசி வந்த மாதிரி அப்பிடி” என்றார் மாஸ்ரர். “வேற போட ஒண்டும் இல்லை. சனியும் இப்ப எனக்கு...”

அந்த வசனத்தை விநாயகமூர்த்தி நன்றாக அறிவார். பன்னிரண்டு வாரம் தன் வாயிலிருந்து புறப்பட்ட வசனம், மச்சானின் வாயில் எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்பதை அன்றுதான் கேட்டார். கேட்டவுடன் வந்த சந்தோஷம் பாதியிலேயே நின்றுவிட்டது.

“இளையதம்பியை இருத்துறதெண்டால் ரெண்டு கதிரையையும் மாத்தவேணும் மாஸ்ரர்” என்றார் சவிரிமுத்து. “இல்லாட்டி ரெண்டு பேரும் திருந்துங்கோ. இவர் ஒரு ஜாக்கை வைச்சுக் கேக்கிறேல்லை. நீங்கள் சோடியின்ர ஜாக்கை வெட்டிறேல்லை.”

அன்றும் தேத்தண்ணி ஊற்றியது விநாயகமூர்த்திதான். ஆனால் கோப்பை கழுவியது மாஸ்ரர்.

வருஷப்பிறப்புக்கு மறுநாள் அதே பழைய சோடிதான் ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளம் ஏறி அனலைதீவுக்குப் போனது. உயிர்த்த ஞாயிறு கழிந்துவிட்டதால் சவிரிமுத்துவும் வந்தார். வேற்றூர்க்காரர் என்பதால் அங்கேயும் பார்க்க மாத்திரம்தான் கிடைத்தது. அனலைதீவு வாசிகசாலையில் பாய் விரித்து, ஊரே கூடியிருந்தது.

முதல் கை. போட்டவர் அனலைதீவுக்காரர். விநாயகமூர்த்திக்கே முதலில் விழுந்தது. முதலில் பேச வேண்டியவரும் அவரே. நாலையும் விரித்தார். ஒரு ஜாக். மிச்சம் மூன்றும் குப்பை.

நெஞ்சுக்குள் நூற்றெண்பது எழும்பி நின்றது. எதிரே மச்சான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். வரப்போகிற நாலு கடுதாசி, கட்டின் மேலே, கைக்கெட்டிய தூரத்தில் கவிழ்ந்து கிடந்தது. விநாயகமூர்த்தி அதைப் பார்த்தார். பிறகு வேப்பெண்ணெய் குடிப்பவர் போல முகத்தைச் சுளித்துச் சொன்னார்:

“பாஸ்.”

மற்ற மூவரிடமும் ஒன்றுமில்லை. பாஸ், பாஸ், பாஸ். கடுதாசியைக் கலைக்க வேண்டியதுதான்.

கலைப்பதற்கு முன் அவருடைய கை, அவரைக் கேளாமலே, கட்டின் மேலிருந்த நாலையும் புரட்டியது. அவருக்கு வரவிருந்த நாலு.

மூன்று ஜாக். ஒரு ஒன்பது.

நாலு ஜாக்கும் ஒரு கையில் வருவதை அங்கிருந்த பலர் வாழ்நாளில் கண்டதில்லை. ஐம்பத்திரண்டு வருஷமாக அவர் நம்பி நம்பிக் கேட்டது, அவர் கேட்காத ஒரே நாளில், ஒன்றும் குறையாமல் வந்து கிடந்தது.

“சவிரிமுத்து,” என்றார், கடுதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “இது எந்தச் சிரட்டை?”

“விதி. நீங்கள் செய்தது சரி அண்ணை. ஒரு பிழையும் இல்லை.”

பன்னிரண்டு போயா காத்திருந்த தீர்ப்பு. ஒருவரும் மறுக்கவில்லை, மாஸ்ரர்கூடத் தலையாட்டினார். இத்தனை நாளும் எதற்காக அடித்துக்கொண்டாரோ அது கைக்கு வந்தபோது, அதை என்ன செய்வதென்று விநாயகமூர்த்திக்குத் தெரியவில்லை. பள்ளக் காணியில் வெள்ளம் நின்றபோதுகூட இவ்வளவு எரியவில்லை.

“உதைக் கொஞ்சம் உரத்துச் சொல்லும்” என்றார்.

சவிரிமுத்து உரத்துச் சொன்னார். அதனாலும் ஒன்றும் ஆறவில்லை.

கடுதாசி கலைத்து, மறுபடி போட்டார்கள். நாலு வந்தது. விரித்துப் பார்த்தார். ஒரு ஜாக். மிச்சம் மூன்றும் குப்பை. கட்டின் மேலே நாலு கவிழ்ந்து கிடந்தது.

அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, “பாஸ்” என்றார்.