காவிக்கு அடியில் ஒரு கொப்புளம்

ஹெர்பிஸ் வைரஸையே உலகத்திலிருந்து துடைத்தெறியப்போகிறவள் என் மருமகள் பார்கவி என்று சேரன்மகாதேவி முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். கொஞ்சம் கூடுதல்தான். இதுவரை அவள் துடைத்தது கண்ணாடித் தட்டுகளை மட்டுமே.

அவளுக்குப் பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வகத்தில் வேலை. வெளிச்சம் பட்டால் மட்டும் விழித்துக்கொண்டு வைரஸைத் தாக்கும் புது மருந்துகளைச் சோதிக்கிறாள். இருட்டில் அவை சும்மா கிடக்கும். அதனால் புட்டிக்கு அலுமினியத் தாள் சுற்றி, ஜன்னலை மூடி, மங்கலான சிவப்பு விளக்கில் தடவித் தடவி வேலை பார்ப்பாள். ஆய்வகத்தில் வளர்த்த வைரஸை ஒரு மருந்து நன்றாகவே ஒடுக்கியது. நம்மூர் நோயாளியிடமிருந்து எடுத்த வைரஸையும் ஒடுக்குகிறதா என்று மாதக் கடைசிக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மருந்தை மூட்டைகட்டச் சொல்லிவிட்டார்கள்.

அக்கியும் ஹெர்பிஸ் இனம்தான். புதுக் கொப்புளத்து நீர் ஒரு சொட்டு போதும். ஆனால் அக்கியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய், அக்கி இறங்கிவிடும் என்று செங்காவியால் கொப்புளத்தின்மேல் சிங்கம் எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள். காவி கலந்தால் தட்டில் வளர்த்த செல்கள் செத்துவிடுகின்றன. வெளிச்சமும் உள்ளே போவதில்லை.

அப்படி வந்த களக்காட்டு வாழை விவசாயி கொம்பையாவிடம் கேட்டேவிட்டாள்.

"எழுதாம வந்திருக்கக் கூடாதா அண்ணாச்சி?"

"அக்கி எழுதாம ஆசுபத்திரிக்கு வந்தா வீட்டுல ஏசுவாங்க தாயி. நீங்க பைய சுரண்டி எடுத்துக்கிடுங்க. சிங்கத்தோட மூஞ்சிய மட்டும் விட்டுருங்க."

அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மாதம் முடிய இருக்கையில் என் கணவர் வெங்கடசுப்பிரமணியனுக்கே இடுப்பில் அக்கி கண்டது. மாமனாருக்கு நோய் வந்து இப்படி முகம் மலர்ந்த மருமகளை நான் கண்டதில்லை.

"நாளைக்குக் காலம்பற டாக்டர்ட்ட போறோம்ப்பா. அங்கயே நீர் எடுத்துக்கறேன். அதுவரைக்கும் எதையும் பூசிக்காதீங்கோ."

காலையில் டாக்டர் சட்டையைத் தூக்கினார். இடுப்பைச் சுற்றிக் காருகுறிச்சி வேளாரின் காவியில் ஒரு சிங்கம், வாலோடு. பார்கவி கொண்டுவந்த குழாயைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மாதம் முடிந்தது, மருந்து மூட்டைக்குள் போயிற்று. எங்களோடு அவள் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இவ்வளவு படித்தவர், யாருக்கும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போய் எழுதிக்கொண்டு வந்தார் என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் நின்று படித்தவர் சொல்கிறார்:

"நான் எங்கடீ போனேன்? வேண்டாம் வேண்டாம்னேன். வேளாரை ஆத்துக்கே வரவழைச்சது நீ. வாலை இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதச் சொன்னதும் நீதான்."