பதினோரு சாமானும் ஒரு கிழிந்த குழாயும்

ஆஸ்பத்திரி மருந்தகத்தின் மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் மருந்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்துமூன்று. டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை ஒரே பார்வையில் படித்துவிடுவார். படித்த கையோடு, "இது எதுக்குன்னு டாக்டரைக் கேட்டீங்களா?" என்று ஒரு கேள்வி போடுவார். அந்தக் கேள்விக்குப் பயந்தே சிலர் இரண்டாம் ஜன்னலில் வரிசை கட்டுவார்கள்.

அக்காவிடம் பன்னிரண்டு வருஷம் ஓடிய ஒரு நீலநிறச் சின்ன கார் இருந்தது. டர்போ வைத்த வண்டி. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுழன்று, உள்ளே காற்றை அமுக்கித் தள்ளும். ஒரு காலத்தில் சிட்டாகப் பறந்த வண்டி, இப்போது ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கியது. ஒருநாள் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. அதைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டிருப்பார். லாரியின் கிளீனர் தலையை வெளியே நீட்டி, "இறங்கித் தள்ளி விடவா?" என்று கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்று மாலையே ட்யூனருக்குப் போன் போட்டார். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்தி வண்டிக்குப் பலம் கூட்டுவது அவர் தொழில். ஆறு வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க மேடம். எதை மாத்தணும்னாலும் இங்க வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. நான் முடிச்சுக் கொடுத்தப்புறம் பெரிய பாகம் எதையாவது மாத்துனீங்கன்னா, திரும்ப முதல்லேர்ந்துதான்."

"எதையெல்லாம் மாத்தணும் சார்?"

"அது நீங்க வண்டிகிட்ட என்ன கேக்குறீங்கங்கறதைப் பொறுத்தது."

செய்தி தம்பியின் காதுக்குப் போனது. தம்பி ஏ.சி. மெக்கானிக். கார் என்றால் உயிரை விடுவான். சொந்தமாக வைத்திருப்பது ஸ்கூட்டர். மறுநாளே பட்டியலோடு வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தான். பதினோரு சாமான்.

"முதல்ல பெரிய டர்போ."

"எதுக்கு?" என்றார் அக்கா.

"என்னக்கா இப்படிக் கேக்குறே? பிச்சுக்கிட்டுப் போகும்!"

"எப்ப? மேட்டுல ரெண்டாவது கியர்ல ஏறும்போதா?"

தம்பி தலையைச் சொறிந்தான். "அது வந்து... பெரிய விசிறி சுத்தி வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும்."

"அதுக்குள்ள நான் ஆஸ்பத்திரிக்கே போயிடுவேன். அடுத்தது?"

"இந்த வால்வு. ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா, 'புஸ்ஸ்ஸ்'னு சத்தம் வரும்."

"சரி, சத்தம் வந்து?"

"சத்தம் வரும்க்கா!"

"வார்டு ஜன்னலுக்குக் கீழதான் வண்டியை நிறுத்துறேன். ஆபரேஷன் ஆனவங்க எழுந்து ஓடவா?"

அக்காவின் கணவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். கார் கொஞ்சம் வேகம் எடுத்தாலே மேலே இருக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அவர் பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டு, "பின்சீட்டைக் கழட்டினா கனம் குறையும்னு போட்டிருக்கே, அப்ப நான் எங்கப்பா உட்கார்றது?" என்றார்.

"நீங்களும் வரலைன்னா இன்னும் குறையும் மாமா."

அரைமணி நேரத்தில் பதினொன்று இரண்டாகச் சுருங்கியது. ஒன்று புது ஸ்பார்க் பிளக். இன்னொன்று பெரிய இன்டர்கூலர். அமுக்கப்பட்ட காற்று கொதித்துப்போகும். அதைக் குளிரவைத்து எஞ்சினுக்கு அனுப்புவது இன்டர்கூலரின் வேலை. காற்று சூடாகவே உள்ளே போனால் கம்ப்யூட்டர் பயந்துபோய் பலத்தைக் குறைத்துவிடும். வெயிலில் மேடு ஏறுகிறவருக்கு இது வேண்டியதுதான் என்று அக்கா ஒத்துக்கொண்டார். தம்பி பட்டியலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

நாலு நாள் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் தம்பி மனைவி மெதுவாக விஷயத்தை உடைத்தாள். அக்கா பிறந்தநாளுக்கென்று அந்த வால்வை அவன் முன்கூட்டியே வாங்கி, கலர் காகிதம் சுற்றி, பீரோவில் வைத்திருக்கிறானாம்.

அக்காவுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வீட்டுக்குப் போனார். அவன் பால்கனியில் ஒரு ஏ.சி.யைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாங்கி வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா மாட்டியிருப்பியாக்கும்?"

"மாட்டியிருக்க மாட்டேன். ஆனா மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசியிருக்க மாட்டேன்டா."

தம்பி பிரஷ்ஷால் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினான்.

"அது என்ன பண்றே?"

"காஸ் கசியுதான்னு பாக்குறேன். நுரை கிளம்பினா அங்க ஓட்டை."

அக்கா கொஞ்ச நேரம் அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டா, நம்ம வண்டி தள்ளுற காத்தும் எங்கயாவது இப்படிக் கசிஞ்சுட்டிருந்தா?"

தம்பி பிரஷ்ஷைக் கீழே வைத்தான். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

கீழே நின்ற அக்காவின் காருக்குப் போய், காற்று உள்ளே போகும் வாயை அடைத்து, கம்ப்ரஸரால் அளவாகக் காற்று ஏற்றி, குழாய்கள் மேலெல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்தான். மேலே ஒன்றுமில்லை. வண்டிக்கு அடியில் படுத்தவன், "அக்கா! இங்க வந்து பாரு!" என்று கத்தினான். அக்காவும் புடவையைச் செருகிக்கொண்டு தரையில் படுத்தார். ரப்பர் குழாய் ஒன்றின் அடிப்பக்கத்தில் விரல் நீளக் கிழிசல். அங்கே நுரை பொங்கு பொங்கென்று பொங்கியது.

"உன் பட்டியல்ல இது இல்லையே?"

"ரிப்பேரை எவன்க்கா பட்டியல்ல எழுதுவான்?"

புதுக் குழாய் மாட்டியதும் காலை நேரத்து மேடு ஒன்றுமே இல்லாமல் போயிற்று. வாங்கிவந்து கூடத்தில் பிரிக்காமல் கிடந்த இன்டர்கூலர் பெட்டியைக் காட்டி, "அப்ப இதைத் திருப்பிக் கொடுத்துடலாமா?" என்றார் கணவர். அக்காவுக்கும் அதே சந்தேகம்தான். உச்சிவெயிலில் மேட்டில் தொடர்ந்து மூன்று தடவை ஏறிப் பார்த்தார். முதல் தடவை ஜோர். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் வண்டி பழையபடி தொய்ந்தது. பெட்டியைப் பிரித்தார்கள். மாட்டிய பிறகு மறுபடி மூன்று தடவை; இம்முறை தொய்யவில்லை.

ட்யூன் நாளன்று காரை உருளைகள்மேல் ஏற்றி வாரால் கட்டினார்கள். நின்ற இடத்திலேயே சக்கரங்கள் சுழல, எதிரே ஆளுயர மின்விசிறி இரைய, திரையில் ஒரு கோடு மேலே ஏறியது. ட்யூனர் முதலில் கேட்டது கசிவைப் பற்றித்தான்.

"நுரை போட்டுப் பாத்தாச்சு சார்," என்று தம்பி மார்தட்டினான்.

"சந்தோஷம்ப்பா. பளபளன்னு சாமான் மாட்டிக்கிட்டு ஓட்டையோட வர்றவங்கதான் ஜாஸ்தி." மதியத்துக்குள் வேலை முடிந்தது. "இன்னும் கொஞ்சம் ஏத்தலாம் மேடம். ஆனா க்ளட்ச் ரொம்ப நாள் தாங்காது. என்ன செய்யட்டும்?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "வேணாம் சார், அக்காவுக்கு இது போதும்." சொல்லிவிட்டு அவனே ஒரு நிமிஷம் திகைத்து நின்றான். அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

அடுத்த ஞாயிறு கணவர் காய்கறி வாங்கக் கிளம்பினார். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிக் கார் சாவியைக் கேட்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கடை இரண்டு தெரு தள்ளி. ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் திரும்பியவரின் தலைமுடி கலைந்திருந்தது, காது சிவந்திருந்தது, கையில் காலிப் பை.

"காய் எங்கங்க?"

"கடை மூடியிருந்துது," என்றார். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த ஊர்லயும் மூடியிருந்துது."